உப்பு விலை கூறியவளும் கூலி பெற்றவளும்

நெய்தல் திணையின் கருப்பொருள்களை எழுதுக என்றால் நம் மாணாக்கர் தயங்காமல் எழுதிவிடுவர். தெய்வம் வருணன், மக்கள் பரதவர், உமணர், பூ நெய்தலும் தாழையும், தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல். உப்பு விளைத்தல் என்னும் அவ்விரு சொற்களும் விடைத்தாளில் தமக்குரிய மதிப்பெண்ணைப் பெற்றுத் தந்துவிட்டு அத்துடன் ஓய்ந்துவிடுகின்றன. விளைத்தவர் யார், எவ்வாறு விளைத்தார், விளைத்ததனால் அவர் பெற்றது யாது என்று வினவுவாரும் இல்லை. விடை பகர்வாரும் இல்லை. குறிஞ்சியின் தேனுக்கும் முல்லையின் குழலுக்கும் கிடைத்த விளக்கத்தில் நூறில் ஒரு பங்குகூட நெய்தலின் உப்புக்குக் கிட்டவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் சமுதாயம் இலக்கியப் பாடத்தில் மட்டும் உப்பில்லாமலே உண்டு பழகிவிட்டது போலும்.

இக்குறை இன்று முன்னிலும் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கைவிடப்பட்ட பழைய கடற்கரை உப்பளங்களுக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும் என்னும் எண்ணம் உலகின் பல கரைகளில் வலுப்பெற்றுள்ளது. அளம் அழிந்தால் அதனை நம்பி வரும் நீர்ப்பறவைகள் அழியும்; கழி தூரும்; கடலோர மக்கள் வேலை தேடி ஊரைவிட்டு அகலுவர். ஆகவே இயற்கையையும் காத்து வேலையையும் தரும் வழி, அளத்தை அளமாகவே வைத்திருப்பதுதான் என்பர். நல்ல எண்ணமே. ஆனால், அளத்துக்குள் நின்று உழைப்பவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதை அறியாமல் அளத்தை உயிர்ப்பிக்க முனைவது, வேரைக் காணாமல் இலைக்கு நீர் தெளிப்பதை ஒக்கும். தமிழில் இதனை அறிவதற்கு ஒரு நாவல் உண்டு. 1979-ஆம் ஆண்டு வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அது. சங்கப் பாடல்களில் வரும் உப்பு விற்கும் பெண்ணை ஒரு புறமும், இந்நாவலின் பொன்னாச்சியை மறுபுறமும் நிறுத்திப் பார்த்தால், இன்றைய மறுமலர்ச்சித் திட்டங்களில் எது இருக்கிறது, எது விடுபட்டுள்ளது என்பது தெளிவாகும்.

அகநானூற்றின் 140-ஆம் பாடல் அம்மூவனார் பாடியது. கடல் வேட்டையில் ஈடுபடும் சிற்றூர்ப் பரதவர் கழிநிலத்தில் ஏர் பூட்டாமலே விளைவித்த உப்பை உமணர் வாங்கி, வண்டிகளில் ஏற்றி, குன்றுகள் கடந்து செல்கின்றனர். அவ்வுமணரின் மகள் வளை ஒலிக்கக் கைவீசி நடந்து தெருவில் உப்பின் விலையைக் கூவுகிறாள். நெல்லுக்கு உப்பு நேர் என்பது அவள் கூறும் விலை. பழக்கமில்லாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் அஞ்சிப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் தலைவன் நிலைகுலைந்து போகிறான். அவன் படும் துயருக்கு உவமையாக வருவது எது? சேற்றில் அழுந்திய வண்டியை இழுத்து மூச்சிரைக்கும் காளை. அந்தக் காளையும் அவளுடைய தந்தையின் காளையே என்பது உவமையின் நயம். காதலுக்கு உவமை தேடிய புலவர் வேறெங்கும் போகவில்லை; உப்பு வண்டியிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

பாடலின் சுவை இருக்கட்டும். கருதத்தக்க செய்தி பிறிதொன்று. இப்பெண் விலையைக் கூறுகிறாள். நெல் எவ்வளவோ உப்பும் அவ்வளவு என்று, மருத நிலத்து விளைவுக்கு எதிரே தன் நெய்தல் நிலத்து விளைவைச் சரிசமமாக வைக்கிறாள். அதே புலவரின் 390-ஆம் பாடலிலும் இந்த நெல்லும் உப்பும் நேர் என்னும் கூற்று வருகிறது. பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. உப்பு சென்றது, நெல் வந்தது. சிறுபாணாற்றுப்படையில் உமணர் வளர்க்கும் மந்தி அவர்தம் பிள்ளைகளோடு முத்துப் பெய்த கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடும்போது, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைத்துக்கொள்ளும் சேம அச்சினை அவனுக்கு உவமையாக்குகிறார். பள்ளமும் மேடும் வருமென்று முன்னறிந்து மாற்று அச்சுடன் புறப்படும் அளவுக்கு நெடுவழி கண்ட வணிகர் அவர். மதிப்புள்ள ஒரு கூட்டத்தாரின் சித்திரம் இவற்றில் எழுகிறது.

எனினும், இச்சித்திரத்தைக் கொண்டு அந்நாளில் உப்புத் தொழிலாளர் செழித்திருந்தனர் என்று முடிவு கட்டிவிடலாகாது. மேடைகளில் அவ்வாறு முழங்குவோர் உண்டு. பாடலை ஊன்றிப் படித்தால், விற்றவர் வேறு, விளைத்தவர் வேறு என்பது புலனாகும். விலை கூவியவள் உமணர் மகள். உப்பை விளைத்தவர் பரதவர். விளைத்த செயலுக்குப் புலவர் தந்தது, ஏர் பூட்டாதது என்னும் எதிர்மறைக் குறிப்பு மட்டுமே. உழவனின் வேலையைப் பாடிய அளவுக்கு அளத்து வேலையைப் பழம்பாடல்கள் பாடவில்லை. உப்பின் பயணத்தைத் தமிழ்க் கவிதை விரிவாகப் பாடியது; உப்பின் பிறப்பை ஒரு தொடரில் கடந்து போயிற்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடந்த அந்த வெற்றிடத்திலேதான் 'கரிப்பு மணிகள்' வந்து நிற்கிறது.

ராஜம் கிருஷ்ணன் (1925–2014) ஒரு களத்தைப் பற்றி எழுதுமுன் அக்களத்துக்கே சென்று மக்களுடன் பழகி எழுதியவர். நீலகிரிப் படகர்களை அறிந்து 'குறிஞ்சித் தேன்' எழுதினார். கடலோர மீனவரைக் கண்டு 'அலைவாய்க் கரையில்' எழுதினார். தஞ்சை உழவுத் தொழிலாளரை நோக்கிச் 'சேற்றில் மனிதர்கள்' எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களை நோக்கிய பயணத்தின் விளைவே 'கரிப்பு மணிகள்'. அளத்துக்கு வேலைக்கு வரும் பொன்னாச்சி என்னும் இளம்பெண், அவள் தம்பி பச்சை, உரிமை உணர்வுள்ள தொழிலாளி ராமசாமி ஆகியோரைச் சுற்றிக் கதை இயங்குகிறது. கண்ணைப் பறிக்கும் வெண்மை, காலை அரிக்கும் உவர், குடிக்க நல்ல நீரின்மை, ஒதுங்க நிழலின்மை, பெண்ணென்றால் மேற்பார்வையாளனின் இச்சைக்கும் இலக்காக வேண்டிய இழிநிலை ஆகிய யாவும் கதையின் அலங்காரங்களாக வரவில்லை. நாள்முழுதும் உடலோடு ஒட்டிக்கொண்டிருப்பவையாக வருகின்றன. 'கரிப்பு' என்பது உப்பின் சுவை. மணி என்பது உப்பின் உருவம். வியர்வையும் கண்ணீரும் அதே சுவை, அதே உருவம் என்று ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை எனினும், தலைப்பே அதனைச் சொல்லிவிடுகிறது.

அம்மூவனாரின் பெண் தெருவில் நின்று விலை கூறினாள். பொன்னாச்சி விலை கூறுவதில்லை. அவள் சுமக்கும் உப்பு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது அவளுக்குத் தொடர்பில்லாத செய்தி. அவளுக்குரியது கூலி. அதனையும் நிர்ணயிப்பவர் வேறொருவர். உப்பின் இலக்கிய வரலாற்றில் நேர்ந்த பெரும் மாற்றம் இதுவே. இரு பெண்களும் இளையர், இருவரும் அஞ்சுகின்றனர். ஒருத்தி நாயின் குரைப்புக்கு அஞ்சினாள்; அதனைக் கண்டு ஒருவன் காதல் கொண்டான். மற்றவள் அஞ்சுவது கங்காணிக்கு. இலக்கியத்தில் அச்சத்தின் பொருளே இடையில் மாறிப்போயிற்று.

கங்காணி என்னும் சொல் மலேசிய வாசகருக்கு அயற்சொல் அன்று. ரப்பர்த் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் விடியுமுன் வரிசையில் நின்ற தலைமுறை அதனைக் காதால் கேட்டே வளர்ந்தது. ஆகவே இந்நாவலை இங்குள்ளோர் படிக்கும்போது, கடல் கடந்த ஊர்க்கதை என்னும் தொலைவு விரைவில் கரைந்துவிடுகிறது. அகிலன் இந்நாட்டுத் தோட்ட வாழ்வை வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதியபோது, வெளியிலிருந்து வந்தவர் உள்ளிருப்பவரின் வாழ்வை எழுதலாமா என்னும் வினா எழுந்தது இயல்பு. ராஜம் கிருஷ்ணனுக்கும் அவ்வினா பொருந்தும். அவர் அளத்தில் பிறந்தவர் அல்லர். உப்புச் சுமந்தவர் அல்லர். ஆனால், கண்டதை மதித்துக் கேட்டதை மாற்றாமல் எழுதியிருக்கிறார் என்பதற்கு நாவலின் உரையாடல்களே சான்று. தூத்துக்குடி வட்டாரப் பேச்சினை அவர் மெருகேற்றிக் கெடுக்கவில்லை. உள்ளிருப்பவர் எழுதும் நாள் வரும்வரை வெளியிலிருப்பவர் வாய்மூடி இருக்கவேண்டும் என்பது அறமாகாது.

இனி, அளத்து வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். ஏனெனில், உப்பு தானே விளைவது, வெயில்தான் வேலை செய்கிறது, மனிதன் வாரிக்கொள்கிறான் என்னும் பிழையான எண்ணம் படித்தவரிடையேயும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அளம் முழுதும் நீரும் சேறுமாகக் கிடக்கும். நீரை வடித்து, கரைந்த வரப்புகளைச் செப்பனிட்டு, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவர். தரை இறுகாவிட்டால் நீர் கீழே கசியும். உப்பில் மண் கலக்கும். எவ்வளவு மிதித்தால் போதும் என்பதை எந்த நூலும் சொல்லாது. மிதிக்கும் பாதம்தான் சொல்லும். பின்னர், கழியிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ பெறும் உவர்நீரைத் தெப்பத்தில் தேக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகளில் பாய்ச்சி வெயிலில் முதிர விடுவர். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 டிகிரி. அது 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணமும் ஜிப்சமும் பிரிந்து படிந்துவிடவேண்டும். 30 டிகிரியைத் தாண்ட விட்டாலோ மக்னீசிய உப்புகள் சேர்ந்து சரக்கு கசந்துபோகும். இடைப்பட்ட அந்தச் சில டிகிரிகளுக்குள்தான் நல்ல உப்பின் வாழ்வு. நீரின் நிறம் மாறுவதையும், மேற்பரப்பில் மெல்லிய ஏடு படர்வதையும், காற்றின் திசையையும் கண்டே பழந்தொழிலாளி காலத்தை முடிவு செய்வான். பிறகுதான் வாருதல், வரப்பில் குவித்துக் கசப்புநீர் வடிய விடுதல், சுமந்து சென்று அம்பாரம் குவித்தல் ஆகியன. ஏர் பூட்டாமல் விளைவது என்று புலவர் கூறியது உண்மை. உழைக்காமல் விளைவது என்று அவர் கூறவில்லை.

இத்தகைய நுண்திறன் உடையவரை நாட்கூலியாக வைத்திருப்பதே உப்பளத்தின் அடிப்படை முரண். நெசவாளியைக் கலைஞன் என்கிறோம். சிற்பியைக் கலைஞன் என்கிறோம். பாத்தி மிதிப்பவனை உடல்வலிமை மட்டுமே உள்ளவன் என்று கணக்கேட்டில் எழுதிவிடுகிறோம். நாவல் இம்முரணை வாதமாக முன்வைக்கவில்லை. பொன்னாச்சியின் கை வேலையைக் கற்றுக்கொள்வதையும், அக்கை கற்ற வேலைக்கு எவ்வித மதிப்பும் கூடாமையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. அதுவே போதும்.

1930-இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்றோர் உப்பு அள்ளிச் சட்டத்தை மறுத்தனர். உப்பு வரி 1947-இல் நீங்கிற்று. பாடநூல்களில் உப்பு பெருமையோடு இடம்பெறுவது இந்த ஒரு பக்கத்தில்தான். வரி போயிற்று; கங்காணி போகவில்லை. விடுதலை பெற்று முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றபின் எழுதப்பட்ட 'கரிப்பு மணிகள்', அந்தப் பெருமைப் பக்கத்துக்கு எழுதப்பட்ட மறுபக்கம் எனலாம்.

நாவல் வெளிவந்த பின்னர் அளங்களின் நிலை பலவாறு மாறியது. குடிநீர், காலுறை, கண்ணாடி என்று பேச்சேனும் எழுந்தது. 2006-இல் அயோடின் சேர்க்காத உப்பை மக்கள் உண்பதற்கு விற்கலாகாது என்னும் விதி இந்தியாவில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கழலை நோயைத் தடுக்க அயோடின் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அயோடின் கலந்து பொதியிடும் ஆலை சிறு அளத்துக்காரரிடம் இல்லை. அவர் தம் உப்பைத் தெருவில் விற்கும் வழி அடைபட, ஆலைக்காரர் கூறும் விலைக்கு விற்கவேண்டியவரானார். கூலி பெறுபவளுக்கு என்றோ பறிபோன விலை கூறும் உரிமை, சிறு உடைமையாளருக்கும் இவ்வாறு குறைந்தது. இன்னொரு புறம், துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் தொழிற்கூடங்களும் கடற்கரை நிலத்துக்குப் போட்டியிட்டன. 2023 டிசம்பரில் தூத்துக்குடியைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து போயிற்று. பாத்திகள் உருத்தெரியாமல் சேறாயின.

கைவிடப்பட்ட அளம் தானாகவே இயற்கைக்குத் திரும்பிவிடும் என்று எண்ணுவதும் தவறு. வரப்பு உடைந்தால் நீரின் ஓட்டம் கெடும். ஓரிடம் வறண்டு வெடிக்கும். மற்றோரிடம் சீமைக்கருவேல் மண்டும். அளவான உவர்ப்புள்ள ஆழமற்ற தட்டுகளிலேதான் சிற்றுயிர்கள் பெருகும். அவற்றை நாடியே நாரையும் உள்ளானும் வரும். 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரைப் பகுதிக்கு வரும் பூநாரைகள் உப்பளத் தட்டுகளிலும் இரை தேடுகின்றன. மனிதன் கட்டிய வரப்பையே பறவையும் நம்பி வாழும் விந்தை இது. ஆகவே பறவையைக் காக்க விரும்புவோர் வரப்புக் கட்டுபவனையும் காக்கவேண்டியவர் ஆகின்றனர். 'கரிப்பு மணிகள்' பறவைகளைப் பற்றிய நாவல் அன்று. அதன் அக்கறை முழுதும் மனிதர்மேல் நிலைகொண்டது. இன்றைய நோக்கில் அதனை ஒரு குறை என்று சுட்டுவோர் இருக்கலாம். எனினும், பறவையை மட்டும் கண்டு மனிதனைக் காணாத அறிக்கைகளைவிட இந்தக் குறை பொறுக்கத்தக்கதே.

மறுமலர்ச்சி என்பது எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று பயன்படும். பிரான்சின் மேற்குக் கரையில் கெராந்த் என்னும் பழைய ஊரைச் சூழ்ந்து களிமண் தரை கொண்ட உப்பளங்கள் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகின்றன. அங்கும் உப்பைத் தலையில் சுமந்து கரை சேர்த்தவர் பெண்களே. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆலை உப்பின் மலிவுக்கு எதிரே அவ்வளங்கள் நசிந்தன, இளைஞர் அகன்றனர். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நிலத்தின் வழியே நெடுஞ்சாலை அமைக்கவும், உல்லாசப் படகுத்துறை கட்டவும் திட்டங்கள் எழுந்தன. எஞ்சியிருந்த உப்பு விளைப்போர் எதிர்த்து நின்றனர். 1972-இல் அவர்கள் உற்பத்தியாளர் குழுவாகத் திரண்டனர். 1979-இல், அதாவது இங்கே 'கரிப்பு மணிகள்' வெளிவந்த அதே ஆண்டில், அளத்து வேலையைக் கற்பிக்கும் பயிற்சிக் கல்வி அங்கே தொடங்கப்பெற்றது. 1988-இல் குழு கூட்டுறவுச் சங்கமாயிற்று. 1991-இல் தரச் சின்னம் கிடைத்தது. 2012-இல் ஊரின் பெயரை வேறெவரும் உப்புக்கு இடலாகாது என்னும் புவிசார் காப்பும் கிடைத்தது. மாலைப்பொழுதில் நீரின் மேற்பரப்பில் ஏடாகப் படரும் மெல்லிய உப்பைப் பூவென்று பெயரிட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்கின்றனர். இன்று ஏறத்தாழ முந்நூறு பேர் அத்தொழிலில் வாழ்கின்றனர். கோணமூக்கு உள்ளான் முதலிய பறவைகளும் வாழ்கின்றன.

கெராந்தைத் தூத்துக்குடிக்கு அப்படியே பெயர்த்து நடுவது இயலாது. அங்கே விளைவது செல்வர் மேசைக்குரிய சிறு அளவு. இங்கே விளைவது பல இலட்சம் டன். அதில் பெரும்பகுதி வேதித் தொழிற்சாலைகளுக்கும் மீன் பதனிடுவதற்கும் செல்லும் மலிவுச் சரக்கு. பூ உப்பு என்று பெயரிட்டு அத்தனையையும் விற்க எவராலும் ஆகாது. ஆனால், கெராந்தில் கற்கத்தக்கது உப்பின் விலை அன்று. விலை கூறும் உரிமை. அங்கே மிதித்தவனே அளத்துக்கு உரியவன் அல்லது குத்தகைதாரன். தான் விளைத்ததைத் தன் சங்கத்தின் வழியே விற்கிறான். அவன் திறன் கல்வியாக ஏற்கப்பட்டுக் கற்பிக்கப்படுகிறது. பறவையும் பண்பாடும் சுற்றுலாவும் அதன்பின் வந்து சேர்ந்தன. அவை முன்னே வரவில்லை. அம்மூவனாரின் பெண் தெருவில் கூறிய விலையை, அந்தப் பிரெஞ்சுக் கரையினர் எழுபதுகளில் மீண்டும் கூறத் தொடங்கினர் எனின் அது மிகையாகாது.

கூட்டாகச் சேர்ந்து நிலத்தைத் தமதாக்குதல் தமிழர்க்கு இயலாத செயலும் அன்று. மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியோர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு வாங்கினர். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் 1961-இல் வாங்கப்பெற்றது. பங்கு பெற்றதனாலேயே பால்வெட்டுத் தொழிலாளி விலை கூறுபவன் ஆகிவிட்டானா என்பது வேறு வினா. அதற்கு விடை அத்துணை எளிதன்று. ஆயினும், துரத்தப்படும் நிலையில் இருந்தவன் உரிமையாளன் என்னும் சொல்லைத் தன்மேல் பொருத்திப் பார்த்த நாள் ஒன்று இருந்தது. 'கரிப்பு மணிகள்' காட்டும் அளத்தில் அத்தகைய நாள் வரவில்லை.

தமிழ்நாட்டரசின் முயற்சிகளையும் இவ்விடத்தில் குறிக்காமல் விடலாகாது. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பு விளைத்துவருகிறது. 2022-இல் அந்நிறுவனம் 'நெய்தல்' என்னும் பெயரில் உணவு உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அளத்தில் வேலை இல்லாத மழைக்கால மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. மழை பெய்தால் உழவன் மகிழ்வான். உப்பளத்தான் பட்டினி கிடப்பான் என்னும் உண்மையை அரசு ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அன்று. பொதிமேல் திணையின் பெயரைக் காணும் தமிழாசிரியர் உள்ளம் குளிர்வதும் இயற்கையே. ஆனால், பொதிமேல் நெய்தல் என்று அச்சிடுவதற்கும், பொதிக்குள் இருப்பதை விளைத்தவர்க்கு அதன் விலையில் ஒரு சொல் இருப்பதற்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை. உதவித்தொகை பசியாற்றும், அது பங்காகாது.

நாவலாசிரியர் இத்தொலைவை எவ்வாறு கடக்க நினைத்தார்? கதையின் பிற்பகுதி தொழிலாளர் ஒன்றுபடுதலை நோக்கிச் செல்கிறது. ராமசாமி அதற்குரிய குரல். சங்கம், கோரிக்கை, போராட்டம் என்பன அக்காலத்து முற்போக்கு நாவல்கள் பலவும் நடந்த பாதையே. திறனாய்வாளர் சிலர் இதனைப் பிரசாரம் என்று ஒதுக்குவர். கூலி உயர்வு கேட்பது பிரசாரமாகவும், நிலவை வருணிப்பது கலையாகவும் எவ்வாறு ஆயின என்பதை அவர்களே விளக்கவேண்டும். நாவலின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. கூலி கூடவேண்டும், கங்காணியின் கொட்டம் அடங்கவேண்டும் என்பதில் நாவல் உறுதியாக நிற்கிறது. அளம் யாருக்கு உரியதாதல் வேண்டும் என்னும் வினாவில் அந்த உறுதி இல்லை. ராமசாமி நல்ல முதலாளியைக் கேட்கிறானா, முதலாளியே இல்லாத அளத்தைக் கேட்கிறானா என்பது வாசகருக்குத் தெளிவாவதில்லை. மேலும், காதல் இழையும் போராட்ட இழையும் ஒன்றையொன்று தாங்கவேண்டிய இடங்களில் ஆசிரியரின் கை சற்றே விரைகிறது. பாத்தியை மிதித்து இறுக்குமுன் நீர் பாய்ச்சியது போன்ற தளர்ச்சி அங்கே தெரிகிறது. பொன்னாச்சியை எழுதிய நிதானம் ராமசாமியை எழுதியபோது வாய்க்கவில்லை.

இக்குறைகளுக்கு அப்பாலும் நாவல் செய்த பெரும்பணி ஒன்று உண்டு. அதனைப் பாராட்டியோர் குறைவு. அளத்துத் தொழிலின் அறிவு எழுத்தில் இல்லை. கையிலும் காலிலும் சொல்லிலும் இருக்கிறது. அளத்துப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவது நல்லதே. எந்தப் பெற்றோரும் அதனைத் தடுக்க விரும்பார். ஆனால், அவர்களோடு சொற்களும் போய்விடுகின்றன. அளம், பாத்தி, தெப்பம், அம்பாரம் என்னும் சொற்களில் எத்தனையை இன்றைய பட்டதாரி ஆசிரியர் அகராதியைப் பார்க்காமல் விளக்குவார்? கெராந்தில் பயிற்சிக்கு மாணாக்கர் வந்தபோது கற்பிக்க முதியவர் எஞ்சியிருந்தனர். தமிழ்க் கடற்கரையில் என்றேனும் அத்தகைய பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றால், முதியவர் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்பதைப் பொறுத்தே அதன் பாடம் அமையும். அதுவரை, அளத்துச் சொற்கள் அளத்து மக்களின் வாயிலிருந்து வந்தவாறே அச்சேறியிருக்கும் சில பக்கங்களில் 'கரிப்பு மணிகள்' ஒன்று. சங்கப் பாடலுக்கு உரை சொல்லும் ஆசிரியர், நெல்லுக்கு உப்பு நேர் என்று அவள் கூவிய இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, அவள் கூடையில் இருந்த உப்பை வாரிய கையைப் பற்றிப் பேச விரும்பினால், எடுத்துப் படித்துக்காட்ட அந்தப் பக்கங்கள் இருக்கின்றன.